அந்தப் பத்தும் இந்தப் பத்தும்

ஊட்டிக்கும் குன்னூருக்கும் சீசனில் குடும்பங்கள் போகும். சீசன் முடிந்தால் கம்பெனிகள் போகும். பெங்களூரு, கோவை, சென்னையிலிருந்து ஐம்பது அறுபது பேரை பஸ்ஸில் ஏற்றி, தேயிலைத் தோட்டம் தெரிகிற ரிசார்ட் ஒன்றில் இறக்குவார்கள். ராத்திரி கேம்ப் ஃபயர். காலையில் பவர்பாயின்ட். அதில் இப்போதெல்லாம் ஒரு தலைப்பு அடிக்கடி தலைகாட்டுகிறது: 'கம்ப்ளையன்ஸ் கல்ச்சர்'. அதாவது, விதிப்படி நடப்பதை ஒரு நிறுவனத்தின் பழக்கமாகவே ஆக்குவது எப்படி? கோட் போட்ட ஒருவர் இரண்டு மணி நேரம் விளக்குவார். பின்வரிசை நன்றாகத் தூங்கும். கடைசியில் எல்லோரும் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார்கள். விதிகளைப் படித்தேன், புரிந்துகொண்டேன், கடைப்பிடிப்பேன். அவ்வளவுதான், கம்ப்ளையன்ஸ் வந்தாச்சு!

என்னைக் கேட்டால், அந்த அறுபது பேரையும் பக்கத்தில் இருக்கிற டாஸ்மாக் கடை வாசலில் அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் போதும் என்பேன். கிண்டல் இல்லை சார். ஒரு பெரிய நிறுவனம் எப்போது விதியை மதிக்கிறது, எப்போது மதிக்காது என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் எந்த ரிசார்ட்டிலும் கிடைக்காது.

முதல் பாடம், டாஸ்மாக் மதித்த விதி.

நீலகிரியில் குடிக்கிறவர்கள் பாட்டிலை எங்கே போடுவார்கள்? காட்டில் போடுவார்கள். வியூ பாயின்ட்டில், ஓடையில், தேயிலைச் செடிக்கு நடுவில் போடுவார்கள். பாறையில் அடித்து உடைக்கிற வீரர்களும் உண்டு. உடைந்த கண்ணாடி யானையின் காலில் ஏறினால் என்ன ஆகும் என்று கொஞ்சம் யோசியுங்கள். அத்தனை எடையும் அந்த நான்கு பாதங்களில்தான். காயம் சீழ் பிடித்தால் அதற்குக் கட்டுப்போடப் போவது யார்? தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்ணின் காலும் அதே கண்ணாடியில்தான் படுகிறது. இத்தனைக்கும் பிளாஸ்டிக் விஷயத்தில் நாட்டுக்கே முன்னோடியாகப் பேசப்பட்ட மாவட்டம் இது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் சுப்ரியா சாஹு கலெக்டராக இருந்தபோதே பிளாஸ்டிக்கை ஒழிக்கும் இயக்கம் தொடங்கிவிட்டது. தண்ணீர் பாட்டிலோடு வருகிற குடும்பத்தைச் செக்போஸ்ட்டில் மடக்குகிற ஊரில், குவார்ட்டர் பாட்டில் மட்டும் ராஜ மரியாதையோடு காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் இதைப் பிடித்துக்கொண்டது. விற்ற பாட்டிலைத் திரும்ப வாங்க ஒரு திட்டம் கொண்டு வாருங்கள், இல்லையென்றால் மலைப் பகுதிக் கடைகளை மூட உத்தரவிட நேரும் என்கிற அளவுக்குப் போனது. உடனே வழி பிறந்தது. அந்த மே மாதமே நீலகிரியில் திட்டம் அமலுக்கு வந்துவிட்டது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். கீழே சமவெளியில் கிடக்கிற பாட்டிலை மூட்டை கட்டி மலைக்கு ஏற்றிக் காசு பார்த்துவிடக் கூடாதே? அதற்காகப் பாட்டிலில் அடையாள ஸ்டிக்கர்.

சும்மா சொல்லக் கூடாது, திட்டம் ஓடியது. தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் பாட்டில்கள் திரும்பி வருகின்றன என்கிற கணக்கு வந்தது. கோவை, பெரம்பலூர் என்று மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் இறங்கிப் போனது.

ஏன் ஓடியது தெரியுமா? இந்தத் திட்டம் யாரையும் நல்லவனாக இருக்கச் சொல்லவில்லை. 'காடுகளைக் காப்போம்' என்று பலகை வைத்தால் நல்லவன் படிப்பான், மற்றவன் அந்தப் பலகையிலேயே பாட்டிலை உடைப்பான். பத்து ரூபாய் அப்படி இல்லை. குடித்தவன் சோம்பேறியாக இருந்து பாட்டிலை வீசிவிட்டால்கூட, குப்பை பொறுக்குகிறவருக்கு அந்தப் பாட்டில் பத்து ரூபாய் நோட்டு. அவர் எடுத்து வந்துவிடுவார். சோடா பாட்டிலுக்கு டெபாசிட் கட்டிவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போன தலைமுறைக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. ஜெர்மனியில் 2003-லிருந்து பீர் கேனுக்கே 25 சென்ட் டெபாசிட் வாங்குகிறார்கள். அங்கேயும் காலி கேனைத் தேடிப் பொறுக்கி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

"கோர்ட் மிரட்டியதால்தானே செய்தார்கள், இதில் கல்ச்சர் எங்கே இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தொடங்கி வைத்தது பயம் என்றாலும், நடத்திச் சென்றது கணக்கு. எத்தனை விற்றது, எத்தனை திரும்பியது என்று வெளியே இருக்கிற ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டவர் நீதிபதி. பதில் சொல்ல வேண்டியவர் கவுன்ட்டரில் நிற்கிற சேல்ஸ்மேன் இல்லை, நிறுவனத்தின் மேல்மட்டம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாவது பத்து ரூபாய்.

எம்.ஆர்.பி.க்கு மேலே வாங்குகிற பத்து. இதற்கு ஸ்டிக்கர் கிடையாது, ரசீது கிடையாது, திரும்பவும் வராது. நீலகிரிக்கு மட்டும் உரிய புகார் இல்லை இது. தமிழ்நாட்டில் எந்த ஊர் டாஸ்மாக் வரிசையில் நிற்பவரையும் கேட்டுப் பாருங்கள்.

"பாட்டில்ல 140 தானே போட்டிருக்கு?"

"150 குடு. பின்னால ஆளு நிக்குது பாரு."

முடிந்தது விசாரணை. இப்போது பாட்டில் திட்டம் வந்த ஊர்களில் நிலைமையை யோசியுங்கள். ஒரே ஜன்னலில் ஒரு பத்து சட்டப்படி, இன்னொரு பத்து சட்டத்துக்கு விரோதமாக. வரிசையில் நிற்கிறவருக்கு எது எந்தப் பத்து என்று எப்படித் தெரியும்?

நான் படித்தது பி.காம். ஆடிட்டிங் பேப்பரில் நான் வாங்கிய மார்க்கைச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். ஆனால் ஒரு பாலபாடம் மட்டும் நினைவில் நிற்கிறது. பணம் வாங்குகிறவனும் கணக்கு எழுதுகிறவனும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. சரி, கணக்கே எழுதப்படாத பணத்தை என்ன செய்வது? ஒரு கடையில் நாளுக்கு 500 பாட்டில் விற்கிறது என்று சும்மா வைத்துக்கொள்வோம். பத்துப் பத்தாக 5,000 ரூபாய். மாதம் ஒன்றரை லட்சம். ஒரு கடையில்! இவ்வளவு பணம் கவுன்ட்டரில் நிற்கிற இரண்டு மூன்று பேரின் சட்டைப்பையிலேயே அடங்கிவிடுகிறது, மேலே யாருக்கும் தெரியாது என்று நம்பச் சொல்கிறார்கள். நம்பலாம். ஊட்டி ரயிலில் சீசன் நேரத்தில் ஜன்னல் சீட் காலியாக இருக்கிறது என்று சொன்னாலும் நம்பலாம்.

இதற்கு நிறுவனம் எடுத்த நடவடிக்கை என்ன? சுற்றறிக்கை. கூடுதல் விலைக்கு விற்றால் சஸ்பெண்ட் என்று எச்சரிக்கை. சில ஊழியர்கள் மேல் நடவடிக்கை. பிறகு, விற்பனை முழுவதையும் கம்ப்யூட்டர்மயமாக்க ரயில்டெல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். பாட்டிலை ஸ்கேன் செய்து பில் போடும் மெஷின்கள் வந்தன. நல்ல விஷயம்தான். ஆனால் மெஷின் பில்லைத்தான் போடும். சொன்ன விலையை வாயால் சொல்லி வாங்குவது கவுன்ட்டரில் இருக்கிற மனிதன். 140 ரூபாய்க்கு பில் அடித்துவிட்டு 150 வாங்குவதை எந்த மெஷின் தடுக்கும்?

2025 மார்ச்சில் டாஸ்மாக் தலைமை அலுவலகத்தில் சோதனை போட்ட அமலாக்கத்துறை, கடைகளில் பாட்டிலுக்கு 10 முதல் 30 ரூபாய் வரை கூடுதலாக வசூலிக்கப்படுவதாகவும் அதில் அதிகாரிகளுக்குத் தொடர்பு இருப்பதாகவும் குற்றம்சாட்டியது. தமிழக அரசு மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, மே 22-இல் அமலாக்கத்துறை விசாரணைக்குத் தடை கிடைத்தது. சோதனையில் அரசியல் எவ்வளவு, சட்டம் எவ்வளவு என்பது தனி விவாதம். அதற்குள் நான் போகவில்லை. பத்து ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள் என்று கண்டுபிடிக்க டெல்லியிலிருந்து ஆள் வர வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

சேல்ஸ்மேன் பக்கமும் கொஞ்சம் கேட்போம். 2003 நவம்பரில் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்கு வந்தபோது, படித்து வேலையில்லாமல் இருந்த இளைஞர்கள் தொகுப்பூதியத்தில் இந்த வேலைக்கு வந்தார்கள். அதில் பலருக்கு இன்று தலை நரைத்துவிட்டது. வேலை மட்டும் நிரந்தரமாகவில்லை. 2025-இல் மாதம் 2,000 ரூபாய் உயர்த்தினார்கள். பயன் பெறுவோர் 23,629 பேர் என்றார்கள். ஆண்டுக்கு 48,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்கு வருமானம் கொண்டுவந்த நிறுவனம் இது. வருகிற வழியில் உடைந்த பாட்டிலுக்கும், பெட்டி இறக்குகிற கூலிக்கும், கரன்ட் பில்லுக்கும் எங்கள் கைக்காசுதான் போகிறது, ஆய்வுக்கு வருகிறவர்களையும் கவனிக்க வேண்டியிருக்கிறது என்று ஊழியர் சங்கங்கள் பல வருடமாக வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருக்கின்றன. இதெல்லாம் கூடுதல் வசூலுக்கு நியாயம் ஆகுமா? ஆகாது. ஆனால் செலவுக்குக் காசு கொடுக்காமல், செலவையும் நிறுத்தாமல், "நேர்மையாக இரு" என்று சுற்றறிக்கை மட்டும் அனுப்புகிற நிறுவனம் அந்தப் பத்து ரூபாயைத் தடை செய்யவில்லை. எங்கே வசூலித்துக்கொள்ளலாம் என்று வழி காட்டியிருக்கிறது.

பாட்டில் திட்டத்திலும் இதே கதைதான். ஸ்டிக்கர் ஒட்டுவது யார்? காலி பாட்டிலை எண்ணி வாங்குவது, சில்லறை தேடுவது, நாற்றமடிக்கும் மூட்டைகளைக் கடைக்குள்ளேயே அடுக்கி வைப்பது எல்லாம் யார்? அதே சேல்ஸ்மேன். நிறையக் கடைகள் இரண்டு பேர் திரும்பக்கூட இடமில்லாத வாடகைக் கட்டடங்கள். திட்டத்தை மற்ற மாவட்டங்களுக்கு விரித்தபோது ஊழியர்கள் போராடினார்கள் என்றால், அவர்களுக்கு யானை மேல் கோபம் என்று அர்த்தமில்லை. புது விதிக்குத் தனி ஆள், தனி இடம், தனிக் கூலி ஒதுக்காமல் பழைய முதுகிலேயே இன்னொரு மூட்டையை ஏற்றினால், கொஞ்ச நாளில் அந்த விதியும் இன்னொரு சுற்றறிக்கையாகிவிடும்.

இது டாஸ்மாக்குக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. நல்ல நிர்வாகத்துக்காக சத்யம் கம்ப்யூட்டர்ஸ் 'கோல்டன் பீகாக்' விருது வாங்கியது 2008-இல். கணக்கையே பொய்யாக எழுதினோம் என்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் கொடுத்தது 2009 ஜனவரி 7-ஆம் தேதி. விருதுக்கும் கடிதத்துக்கும் நடுவில் சில மாதங்கள்தான். அங்கேயும் ஊழியர்கள் தாளில் கையெழுத்துப் போட்டுத்தான் இருப்பார்கள். கீழே இருக்கிறவன் விதியை மீறினால் குற்றம், மேலே இருக்கிறவர் மீறினால் நிர்வாகத் திறமை என்கிற இடத்தில் எத்தனை பவர்பாயின்ட் போட்டாலும் பின்வரிசை தூங்கத்தான் செய்யும்.

டாஸ்மாக்கில் இன்னொரு வசதி இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஏமாறுகிறவர் வாய் திறக்க மாட்டார். சோப்புக்கு இரண்டு ரூபாய் கூட வாங்கினால் நீங்கள் நுகர்வோர் கோர்ட் என்பீர்கள். குவார்ட்டருக்குப் பத்து ரூபாய் கூட வாங்கியதற்கு யார் பெயர் எழுதி, அட்ரஸ் எழுதி, கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுப்பார்? ரோட்டில் போகிற நாமும் "குடிகாரனுக்கு என்ன நியாயம் வேண்டிக்கிடக்கு?" என்று நகர்ந்துவிடுகிறோம். நம்முடைய அந்த ஏளனம்தான் இந்த வசூலுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாதுகாப்பு. அச்சடித்த விலைக்கு மேல் விற்கக் கூடாது என்கிற சட்டத்தில், வாங்குகிறவன் யோக்கியனாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. தினம் ஒன்று வாங்குகிற எஸ்டேட் தொழிலாளியிடம் மாதம் 300 ரூபாய் இப்படிப் போகிறது. அது குடித்த காசுகூட இல்லை. வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய காசு.

'முடியாது, இவ்வளவு பெரிய அமைப்பில் ஒவ்வொரு கவுன்ட்டரையும் யார் கண்காணிப்பது?' என்கிற பழைய பதில் இனிமேல் எடுபடாது. நீலகிரி அதைக் கெடுத்துவிட்டது. காலி பாட்டிலை, அதுவும் காசில்லாத குப்பையை, ஒன்றொன்றாக ஸ்டிக்கர் ஒட்டி, எண்ணி, திரும்ப வாங்கி, சதவீதம் போட்டு நீதிமன்றத்தில் கணக்கு காட்டிய நிறுவனம் இது. குப்பையை எண்ணத் தெரிந்தவர்களுக்கு நோட்டை எண்ணத் தெரியாதா?

எனவே டாஸ்மாக்கிடம் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. கூலி, உடைசல், கரன்ட் செலவுகளை நிறுவனத்தின் கணக்கிலேயே எழுதுங்கள். கூடுதல் விலை வாங்கிய கடையின் சேல்ஸ்மேனுக்கு மெமோ போகிற அதே நாளில் அவருடைய மாவட்ட மேலாளருக்கும் ஒரு மெமோ போகட்டும். இத்தனை விற்றது, இத்தனை திரும்பி வந்தது என்று போடுகிறீர்களே அந்த அட்டவணை, அதிலேயே இன்னொரு கட்டம் சேர்த்து, எம்.ஆர்.பி.க்கு மேல் எந்தக் கடையில் எத்தனை பேரிடம் வாங்கினார்கள் என்று நீலகிரியில் தொடங்கி மாதாமாதம் வெளியிடுங்கள். அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது. கோடு போட ஒரு ஸ்கேல் போதும்.