வெள்ளை மரமும் வேந்தர் குலமும்

மரம் நிழல் தரும், கனி தரும், காய்ந்தால் விறகும் தரும். மன்னனைத் தருமோ? தரும் என்று கதை கட்டியிருக்கிறார்கள், தோழர்களே!

ஆங்கிலப் பேராசிரியர் டோல்கீன் 1954, 1955-ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்ட மாயக்கதை ‘தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்’. அதிலே கோண்டோர் என்றொரு நாடு. அதன் தலைநகரின் நீரூற்று முற்றத்திலே பட்டுப்போன வெள்ளை மரம். காவலர் உடையில் அதுவே சின்னம். பழைய அரச மரபின் வழித்தோன்றல் அரகார்ன் முடிசூடுகிறான். உடனே மலைமீது, பனியின் ஓரத்திலே, அம்மரத்தின் கன்று கிடைக்கிறது! நடுகிறார்கள், பூக்கிறது! பட்ட மரத்துக்கோ மன்னர் துயிலும் இடத்திலே மரியாதையுடன் இடம்!

படிப்போர் உள்ளம் உருகுகிறது. உரிய குருதி வந்தது, உயிர் பெற்றது மரம் என்று பூரிக்கிறது. பூரிக்குமுன் அந்நூலின் பின்னிணைப்பைப் புரட்டுவோம். ஆண்டுக் கணக்கு ஆசிரியரே தந்தது. மூன்றாம் யுகம் 1636: கொள்ளைநோய் வந்தது, மன்னன் மாண்டான், அவன் மக்கள் மாண்டனர், மரமும் மாண்டது. அரச குலம் அரியணையில் இருந்தும் மரம் பிழைக்கவில்லை! புதிய கன்று நடப்பட்டது. 2050: கடைசி மன்னன் மறைந்தான், ஆட்சி பொறுப்பாளர் கைக்குச் சென்றது. மரம் வாடிற்றா? இல்லை. 2872 வரை, 822 ஆண்டுகள், மன்னன் இன்றியே வாழ்ந்தது!

மன்னன் இருந்தபோது செத்தது, இல்லாதபோது செழித்தது. அதையா குலப்பெருமைக்குச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது?

“கற்பனைதானே, கடிவானேன்?” என்பார் சிலர். பிறப்பால் வரும் உரிமையை வாதிட்டு நிலைநாட்ட முடியாது. ஆகவேதான் அதைப் பூவாக்கிக் காட்டுகிறார்கள். வாதத்தை மறுக்கலாம், பூவை எப்படி மறுப்பது? நெஞ்சம் நெகிழும் நேரத்திலே அறிவு அயர்கிறது. அயரும் நேரம் பார்த்து அடிமைத்தனம் நுழைகிறது.

நம் நாட்டு வேந்தருக்கும் காவல் மரம் இருந்தது. நன்னன் கதையைக் குறுந்தொகையிலே பரணர் சொல்கிறார். ஆற்றுநீர் அடித்துவந்த மாங்காயைத் தின்றாள் ஒரு பெண். அவள் உயிருக்கு ஈடாக 81 யானைகளும், அவள் எடைக்கு எடை பொற்பாவையும் தருவதாகச் சொல்லியும் இணங்கவில்லை அவன். கொன்றான்! மரத்துக்குப் புனிதம் ஏற்றினால், மனித உயிர் ஒரு காயினும் மலிவாகிவிடும். பெண்கொலை புரிந்தவன் என்று அவனைப் பழித்தது தமிழ். அந்தத் துணிவே நமக்குப் பெருமை.

டோல்கீன் மரங்களை உளமார நேசித்தவர், மறுக்கவில்லை. அதே நூலிலே எண்ட்கள் என்னும் மரமேய்ப்பர் வருகின்றனர். காட்டை வெட்டிக் கொளுத்திய கொடியவனின் கோட்டையைத் தகர்க்கின்றனர். அவர்கள் எந்த முடிக்கும் சின்னமல்லர், எவன் குலத்துக்கும் சாட்சியல்லர். வெட்டுண்டவர் சார்பில் வெகுண்டவர்கள்.

தோழர்களே, மாயக்கதையைப் படியுங்கள், மகிழுங்கள். மரம் பூக்கும் பக்கம் வரும்போது மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பூ யார் தலையில் சூட்டுவதற்கு?