ஆவணி வெயிலிற் கலியாணப் படம்

ஆவணியில் தமது தமக்கையாரின் விவாகம் நடைபெறவிருக்கிறதென்றும், படம் பிடிக்கும் பொறுப்பிற் பாதியைத் தாம் ஏற்றுள்ளதாகவும், அதற்கு எந்தக் கமராவை வாங்கலாமென்றும் உடப்பிலிருந்து மாணவ நேயர் ஒருவர் கேட்டெழுதியிருக்கிறார். கமராவைப் பற்றிய கேள்விக்கு விடை சுருக்கமானது: கையில் இருப்பது எதுவோ அதுவே போதும். கைத்தொலைபேசியாயினும் குற்றமில்லை. ஆனால் அவர் கேளாமல் விட்ட கேள்வியொன்று உண்டு. ஆவணி மாதத்தில், புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், எந்த நேரத்தில், எவ்விடத்தில் நின்று படம் எடுப்பது என்பதே அது. நல்ல படத்துக்கும் கெட்ட படத்துக்கும் உள்ள வேறுபாட்டிற் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

சூரியன் ஆண்டுக்கு இரு முறை இலங்கைக்கு நேர் உச்சியாகச் செல்கிறான். ஏப்ரல் மாதத்தின் முதல் இரு வாரங்களில் ஒரு முறை. ஆகஸ்ட் இறுதியிலிருந்து செப்டெம்பர் முதல் வாரம் வரை மற்றொரு முறை. இரண்டாவது காலம் நமது ஆவணி முகூர்த்தங்களோடு பொருந்தி வருவதைக் கவனியுங்கள். அந்நாட்களிற் புத்தளத்தில் நண்பகல் 12 மணி கழிந்து பத்து நிமிடமளவில் நட்டு வைத்த கம்பத்துக்கு நிழலே இராது. முகூர்த்தம் முடிந்து, ஆசீர்வாதம் முடிந்து, மணமக்களைப் படமெடுப்பதற்காக வெளியே அழைத்து வரும் நேரமும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கிறது. அப்போது எடுத்த படத்தில் கண்கள் இரண்டும் கரிய குழிகளாகும். மூக்கின் நிழல் மேலுதட்டில் விழுந்து மணமகளுக்கு மீசை வரைந்தது போலாகும். எவ்வளவு விலையுயர்ந்த கமராவாலும் இதைத் தடுக்க முடியாது.

ஆகையால் 10 மணிக்குப் பின்னும் 3 மணிக்கு முன்னும் திறந்த வெயிலில் எவரையும் நிறுத்தலாகாது. விறாந்தையின் விளிம்பிலே, கூரை நிழல் முடியுமிடத்துக்கு ஓரடி உள்ளே, வெளிப்புறம் நோக்கி நிற்கச் செய்யுங்கள். முன்னாலுள்ள வெண்மணலில் வெயில் பட்டுத் தெறித்து முகத்துக்கு மென்மையான ஒளியைத் தரும். மணல் இல்லாத முற்றமாயின் வெள்ளை வேட்டியொன்றை இருவர் விரித்துப் பிடித்தாற் போதும். தென்னந்தோப்பின் நிழல் மட்டும் ஏமாற்றும் நிழல். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். படத்திலோ ஓலைகளினூடாக விழும் வெயில் முகமெங்கும் வெள்ளைத் தேமல்களாகத் தெரியும்.

பந்தல் போடுவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இக்காலத்தில் மழைக்கும் வெயிலுக்கும் நீலத் தறப்பாளைக் கட்டிவிடுகிறார்கள். அதனூடாக இறங்கும் ஒளியும் நீலமாகவே இறங்கி, மணவறையில் இருப்போர் அனைவரையும் கடலில் மூழ்கியெழுந்தவர்கள் போலாக்குகிறது. தறப்பாளுக்குக் கீழே வெள்ளைத் துணியால் தட்டி கட்டினாற் பெரும்பகுதி சரியாகும். முழுவதும் வெள்ளைக் கூரையாக இருப்பின் மிக நன்று. பந்தற்காரருக்குக் கொடுக்கும் முற்பணத்தோடு இதனையும் சொல்லிவிட வேண்டும். கலியாணத்தன்று காலையிற் சொல்லிப் பயனில்லை.

மாலை வேளை நமது கரையின் தனிச்சொத்து. மேற்குக் கடலோரத்தில் வாழும் நமக்குச் சூரியன் நேரே கடலில் இறங்குகிறான். யூலையில் 6.30 அளவிலும் நவம்பர் நடுவில் 5.50 அளவிலும் மறைவான். ஆவணியில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரமெனக் கொள்ளலாம். மறைவதற்கு முந்திய முக்கால் மணி நேரம் பொன்னானது. ஆனால் எல்லோரும் செய்யும் தவறு யாதெனின், சூரியனும் படத்தில் வரவேண்டுமென்ற ஆசையால் மணமக்களைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்துவதாகும். அப்படி நிறுத்தினால் இருவரும் கரிய நிழலுருவங்களாவர். அப்படம் ஒன்றிரண்டு இருக்கலாம், அழகுதான். எஞ்சியவற்றுக்கு மணமக்களைக் கடலை நோக்கித் திருப்பி, நீங்கள் கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். ஒதுங்கியிருக்கும் தோணிகளும் கரைவலைக் கயிற்றுச் சுருள்களும் அப்போது பின்னணியாக அமையும். கற்பிட்டியில் வாழ்வோர் இன்னும் பாக்கியசாலிகள். அங்கு கிழக்கே களப்பு, மேற்கே கடல். காலை ஒளியைக் களப்புக் கரையிலும் மாலை ஒளியைக் கடற்கரையிலும் பெறலாம். நமது நாட்டில் அந்திப்பொழுது நீளாது. சூரியன் மறைந்து இருபது நிமிடத்தில் வெளிச்சம் போய்விடும் என்பதை நினைவில் வைத்து, சோடனைக்கு எடுக்கும் நேரத்தைச் சிறிது குறைக்கச் சொல்லுங்கள். சொல்லிப் பாருங்கள் என்பதே பொருத்தம்.

பாலாவிப் பக்கத்து உப்பளங்களில் மணமக்களை நிறுத்திப் படமெடுக்கும் ஆசையும் சிலருக்கு உண்டு. உரியவர்களின் அனுமதியுடன் எடுக்கலாம். ஆனால் உப்புக் குவியலும் வெண்மணலும் கமராவின் ஒளிமானியை மயக்கிவிடும். அது காண்பவை யாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமெனக் கருதி அளவிடுவது. எங்கும் வெண்மையாக இருந்தால் ஒளி மிகுந்துவிட்டதென எண்ணித் தானே குறைத்துக்கொள்ளும்; உப்பு சாம்பலாகி, முகம் கறுத்துப்போகும். கமராவிலுள்ள ஒளித் திருத்தத்தை ஒன்று அல்லது ஒன்றரைப் படி கூட்டினால் உப்பு உப்பாகத் தெரியும். கைத்தொலைபேசியில் முகத்தைத் தொட்டுவிட்டு ஒளிக்கோட்டை மேலே தள்ளுவதும் இதுவே. வெள்ளைப் பட்டு உடுத்த மணமகளைக் கிட்ட நின்று எடுக்கும்போதும் இவ்விதி பொருந்தும்.

பின்னணியையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் மாப்பிள்ளையின் தலையிலிருந்து விளக்குக் கம்பம் முளைக்கும். மாம்புரிப் பக்கத்திற் காற்றாலைகள் எழுந்த பின்னர் மூன்று இறக்கைகளும் சேர்ந்து முளைக்கின்றன.

மே முதல் செப்டெம்பர் வரை இங்கு வீசும் தென்மேற்குக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அதனை நாடிப் பட்டம் கட்டி அலைமேற் சறுக்குவோர் வெளிநாடுகளிலிருந்து கற்பிட்டிக்கு வருகிறார்கள். மணமகளைக் காற்றை எதிர்நோக்கி நிறுத்தினாற் கூந்தலும் முந்தானையும் முக்காடும் பின்னே செல்லும். காற்றுக்கு முதுகு காட்டினால் யாவும் முகத்திலே வந்து விழும். அக்காற்றில் உப்பும் மணலும் கலந்திருப்பதால் கரையில் நின்று வில்லையை மாற்றவேண்டாம். வீடு திரும்பியதும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியாற் கமராவின் உடலைத் துடையுங்கள். குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறங்கியவுடன் வில்லையிற் பனி படரும். அரை மணி நேரம் முன்னதாகவே கமராப் பையை வெளியே வைத்துவிட்டால் அத்தொல்லை இராது.

சடங்குகளிற் படமெடுப்பது தனிக்கலை. தாலி கட்டும் கணத்தில் எல்லோரும் எழுந்து முன்னே வருவார்கள். முன்வரிசையிலுள்ள மாமா ஒருவரின் முதுகே ஆல்பத்தில் இடம்பெறும். முதல் நாளே குருக்களிடம் மணமக்கள் இருக்கும் திசையைக் கேட்டறிந்து, உங்களுக்கு ஓர் இடத்தையும், உங்கள் முன்னே எவரும் வராமற் காக்க உறவினர் ஒருவரையும் ஏற்பாடு செய்யுங்கள். கெட்டிமேளம் முழங்கத் தொடங்கியபின் கமராவைத் தூக்குவது காலங்கடந்த செயல். ஓமப் புகையினூடே பிளாஷ் விளக்கைப் பயன்படுத்தினாற் புகையே வெண்திரையாகப் பதியும். புகை உங்கள் பக்கம் வராத திசையில் நின்று, இருக்கும் ஒளியில் எடுங்கள். நிக்காஹ் வைபவங்களில் மணமகள் பெரும்பாலும் பெண்கள் பகுதியிலேயே இருப்பதால் அங்கு படமெடுக்கப் பெண்ணொருவரை நியமிப்பதும், எவருடைய படம் எவருக்குக் காட்டப்படலாமென்பதை வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்பதும் கடமையாகும். தேவாலயத் திருமணமாயின் பீடத்துக்கு எவ்வளவு கிட்டச் செல்லலாம், பிளாஷ் கூடுமா என்பவற்றைப் பங்குத் தந்தையே தீர்மானிப்பார்.

இவையெல்லாம் மணமக்களைப் பற்றியவை. மணமக்களின் படம் எப்படியும் வந்துவிடும். கூலிக்கு அமர்த்திய படப்பிடிப்பாளர் அவர்களை நூற்றுக்கணக்கில் எடுத்துத் தருவார். அவருக்குத் தெரியாதது, மூலையிற் கதிரையில் இருக்கும் முதியவர் மணமகளின் பாட்டனாருடைய கடைசித் தம்பி என்பது. வீட்டுப் பிள்ளையாகிய உங்களுக்கே அது தெரியும். இருபது ஆண்டுகள் கழித்து ஆல்பத்தைப் புரட்டுவோர் நகைகளையா பார்க்கிறார்கள்? அன்று இருந்து இன்று இல்லாதவர்களையே தேடுகிறார்கள். ஆதலால் ஒரு வாரத்துக்கு முன்பே தாயாருடன் இருந்து முதியோர் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். பந்தி தொடங்குவதற்கு முன், அவர்கள் களைத்துப் போகுமுன், ஒவ்வொருவரையும் தனியே எடுத்துவிடுங்கள். தலைக்கு இரண்டு நிமிடம் போதும்.

எப்படி எடுப்பது என்பதற்கு வழிகாட்டியாக ஒருவரைக் கூறலாம். யூலியா மார்கரெட் கமரன் 1815 இற் கல்கத்தாவிற் பிறந்த ஆங்கில மாது. 48 ஆவது வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கமராவைக் கொண்டு படக்கலையைத் தாமே பயின்றவர். கோழிக்கூடாக இருந்த கண்ணாடிக் கொட்டிலொன்றே அவருடைய படப்பிடிப்பு நிலையம். ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒளியில், முகத்தைக் கிட்ட வைத்து, அவர் எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றன. 1875 இற் குடும்பத்துடன் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே மறைந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். அவர் செய்ததை உங்கள் வீட்டிலும் செய்யலாம். யன்னலருகே கதிரையொன்றைப் போட்டு, அறை விளக்கை அணைத்து, முதியவரின் முகத்தில் ஒரு பக்கம் யன்னல் ஒளி படுமாறு இருத்துங்கள். கமரா அவருடைய கண் மட்டத்தில் இருக்கட்டும். கைத்தொலைபேசியாயின் மிகக் கிட்டச் செல்லாதீர்கள், மூக்குப் பருத்துத் தெரியும்; ஆறடி தள்ளி நின்று இரு மடங்கு பெருப்பித்து எடுங்கள். சிரிக்கச் சொல்லி வற்புறுத்தவேண்டாம். அவர்களுடைய கலியாணம் எப்படி நடந்ததென்று கேளுங்கள், முகம் தானே மலரும். ஆவணிக்கு இன்னும் நாளிருப்பின் இன்றே அம்மம்மாவைக் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் அதே யன்னலருகே எடுத்துப் பழகலாம்.

எடுத்ததைக் காப்பது பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பு தந்த சிறந்த கலைஞராகிய லயனல் வென்ட் 1944 இல் இறந்த பின்னர் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. அவர் தம் கையாற் கடதாசியிற் பதித்து வைத்த பிரதிகள் எஞ்சியதாலேயே இன்று அவருடைய கலையை நாம் காண்கிறோம். கைத்தொலைபேசிக்குள் இருக்கும் ஆயிரம் படங்கள் அந்த நெகட்டிவ்களைப் போன்றவை. தொலைபேசி நீரில் விழுந்தால் அவையும் போயின.

நமது மாவட்டத்துக்கு இது வெறும் உவமையன்று. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அவர்களிற் பெருந்தொகையினர் வந்து சேர்ந்தது புத்தளத்துக்கும் கற்பிட்டிக்குமே. யாழ்ப்பாணத்தில் அவர்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். பணத்தையும் நகையையும் கூட எடுத்துவர விடப்படாதவர்கள் கலியாண ஆல்பத்தை எங்கே எடுத்து வருவது? அத்தகைய குடும்பங்களில் உம்மாவின் மணக்கோலப் படம் மீண்டும் கிடைக்க ஒரே வழி, அந்நாளிற் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்த உறவினருக்கு ஒரு பிரதி அனுப்பப்பட்டிருத்தல்தான்.

ஆகவே முதியோர் படங்களும் குடும்பக் குழுப்படமும் உட்பட முப்பது படங்களைத் தெரிந்து, மூன்று தொகுதிகளாகக் கடதாசியிற் பதிப்பித்துக்கொள்ளுங்கள். ஒன்று மணமக்களுக்கு, ஒன்று பெற்றோருக்கு, மற்றொன்று வேறூரிலுள்ள உறவினருக்கு. பசைத் தாளில் ஒட்டிப் பிளாஸ்ரிக்கால் மூடும் ஆல்பங்களை வாங்கவேண்டாம். நமது ஈரக்காற்றில் அந்தப் பசை படத்தைப் பற்றிக்கொண்டு விடாது. ஓரங்களைச் சொருகும் பழைய மாதிரி ஆல்பமே நல்லது. அதனைச் சுவரோடு சேர்ந்த அலுமாரியில் வைத்தாற் கறையான் ஏறக்கூடும். குழுப்படத்தின் பின்புறத்தில், இடமிருந்து வலமாக, பெயர்களை மென்மையான பென்சிலால் எழுதுங்கள். குமிழ்முனைப் பேனாவின் மை காலப்போக்கில் முன்பக்கம் ஊறிவரும். பெயர்களை எழுதும்போது பக்கத்தில் அம்மம்மாவையும் இருத்திக்கொள்ளுங்கள். மூன்றாம் வரிசையில் நிற்பவர்களின் பெயர் வேறு எவருக்கும் தெரியாது.