ஓராண்டுத் தலைவர்களும் விடுபட்டுப்போகும் இளையோரும்

ஜூலை பிறந்தால் ஹோட்டல் மண்டபங்கள் களைகட்டிவிடும். ரோட்டரி, லயன்ஸ் மன்றங்களின் பணியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. புதிய தலைவர் பதவிச் சங்கிலியை அணிந்துகொள்கிறார், பழைய தலைவர் நன்றி கூறி விடைபெறுகிறார். மலேசிய இந்திய மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், வணிகர்கள் பலர் இம்மன்றங்களில் நெடுங்காலமாக இருப்பவர்கள் என்பதால், மறுநாள் வரும் படங்களில் தெரிந்த முகங்களுக்குக் குறைவில்லை. இளைய முகங்கள்தாம் குறைவு.

இத்தனைக்கும் இளையோர் இந்த மன்றங்களுக்குப் புதியவர்கள் அல்லர். இடைநிலைப்பள்ளிகளில் ரோட்டரியின் இன்ட்ராக்ட், லயன்ஸின் லியோ என்ற இளையோர் பிரிவுகள் உள்ளன. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு உரியது. புள்ளிக்காகச் சேர்ந்தாலும், முதியோர் இல்லத்துக்குப் போவதும் நிதி திரட்டுவதும் அந்த வயதில் நல்ல பயிற்சியே. ஐந்தாம் படிவம் முடிந்ததும் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. மாணவர் மேற்படிப்புக்காக ஒரு மாநிலத்துக்கும் வேலைக்காக இன்னொன்றுக்கும் போகிறார். ஆதரவளித்த மன்றமோ சொந்த ஊரிலேயே இருக்கிறது.

இளைஞர்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. சந்தா, சாப்பாட்டுச் செலவு, ஆங்கிலத்திலேயே நடக்கும் கூட்டங்கள் ஆகியவையும் தடைகள்தாம். பட்டறையோ மளிகைக் கடையோ நடத்தும் தமிழருக்கு ஹோட்டல் கூட்டம் அந்நியமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அதிகம் பேசப்படாத காரணம், தலைவரின் பதவிக்காலம் ஓராண்டு என்பது. பதினேழு வயது லியோ உறுப்பினரைப் பின்தொடர்ந்து, இருபத்தைந்து வயதில் மன்றத்துக்கு அழைத்து வர எட்டு ஆண்டுகள் ஆகும். அதற்குள் எட்டுத் தலைவர்கள் மாறியிருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தம் ஆண்டில் முடித்துக் காட்டக்கூடிய ஒரு திட்டம் வேண்டும். மாதிரிக் காசோலையை ஒரே மாலையில் கொடுத்துவிடலாம். (சில காசோலைகளின் அளவு, அதில் எழுதிய தொகையைவிடப் பெரிது.)

ஓராண்டுப் பதவியை மீறி இம்மன்றங்கள் சாதித்ததும் உண்டு. 1985-இல் ரோட்டரி தொடங்கிய போலியோ ஒழிப்புத் திட்டம், உலகத் தலைவர்கள் ஆண்டுதோறும் மாறியும் நிற்கவில்லை. 1992-க்குப் பிறகு மலேசியாவில் காணப்படாத போலியோ, 2019 டிசம்பரில் சபா, துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்கு உறுதிசெய்யப்பட்டபோது, அந்த வேலை முடியவில்லை என்பது இங்கேயும் தெரிந்தது. சிங்கப்பூரில் தனிமையில் வாடும் முதியோருக்காக லயன்ஸ் மன்றங்கள் 1995-இல் தொடங்கிய ‘லயன்ஸ் பிஃப்ரெண்டர்ஸ்’, சொந்த நிர்வாகமும் ஊழியர்களும் கொண்ட தனி அமைப்பாக இயங்குகிறது. மன்றத் தலைவர் யாராக இருந்தாலும், முதியவர் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது.

மாறவே மாட்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. 1905-இல் சிகாகோவில் பிறந்த ரோட்டரி, 1930 வாக்கில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தபோது, ஐரோப்பியருக்கு மட்டுமேயான கிளப்புகள் நிறைந்த காலத்தில் ஆசியரையும் அதே மேசையில் அமர்த்தியது. பெண்கள் விஷயத்தில் தாமதித்தது. பெண்களைச் சேர்த்ததற்காகக் கலிபோர்னியாவின் டுவார்ட்டே மன்றம் 1978-இல் அங்கீகாரத்தையே இழந்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், 1987-இல் தீர்ப்பு வந்த பின்னரே விதி மாறியது. 2016-இல் கூட்டம் நடத்தும் முறையை மன்றங்களே முடிவுசெய்துகொள்ள இடம் கிடைத்தது. இளையோருக்கான ரோட்டராக்டின் வயது வரம்பு 2020-இல் நீங்கியது. மாதம் இரண்டு முறை இணையத்தில் கூடி, ஹோட்டல் செலவைத் தவிர்க்க விதி இன்று குறுக்கே நிற்பதில்லை.

எஞ்சியிருப்பது உள்ளூர் வேலை. பள்ளியை விட்டுப் போகும் லியோ, இன்ட்ராக்ட் மாணவர்களின் பெயர்ப் பட்டியலைத் தலைவரிடம் விடாமல், ஐந்து ஆண்டுகளாவது மாறாத ஒரு பொறுப்பாளரிடம் கொடுக்கலாம். மாணவர் சேரும் ஊரின் மன்றத்துக்குத் தகவல் சொல்வது ஒரு தொலைபேசி அழைப்புதான். பதவியேற்பு விருந்தின் ஒரு மேசைச் செலவுகூட அதற்கு ஆகாது.