சோறு போய் சப்பாத்தி வந்தது, சீனி போய் நாட்டுச் சர்க்கரை வந்தது: சுகர் மட்டும் ஏன் குறையவில்லை?

சென்னை ஓ.எம்.ஆர். பக்கத்து மெஸ்களில் இரவு எட்டு மணிக்கு மேல் அடிக்கடி காதில் விழும் வசனம் இது: "அண்ணே, ரைஸ் வேணாம், டயட்ல இருக்கேன். நாலு சப்பாத்தி, குருமா கொஞ்சம் எக்ஸ்ட்ரா."

ரத்தப் பரிசோதனையில் 'பார்டர்ல இருக்கு' என்று வந்துவிட்டால் வீடுகளிலும் முதலில் நடப்பது இதுதான். இரவுச் சோறு போகும், சப்பாத்தி வரும். வெள்ளைச் சீனி டப்பாவில் நாட்டுச் சர்க்கரை ஏறும். கிரீம் பிஸ்கட் இருந்த இடத்தில் 'டைஜெஸ்டிவ்' வந்து உட்காரும். மூன்று மாதம் கழித்து எச்.பி.ஏ.1.சி. எடுத்துப் பார்த்தால் எண் அசைந்தே இருக்காது. "இவ்ளோ கட்டுப்பாடா இருந்தும் ஏன் குறையல டாக்டர்?"

கட்டுப்பாடு உண்மைதான். ஆனால் மாறியது பெரும்பாலும் உணவின் பெயர். தட்டில் இருக்கும் மாவுச்சத்தின் அளவு அப்படியே இருக்கிறது.

சோறா, சப்பாத்தியா?

ரொம்ப நாளாக ஓடும் இந்தச் சண்டைக்கு 2025 செப்டம்பர் இறுதியில் ஓரளவு தெளிவான பதில் கிடைத்தது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும், ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சேர்ந்து நடத்திய 'இண்டியாப்' ஆய்வின் உணவுப் பழக்கம் பற்றிய பகுதி 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியானது. நாடு முழுவதும் 1.2 லட்சம் பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வு அது.

அதன்படி, இந்தியர்களின் அன்றாடக் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்தின் பங்கு 12 சதவீதம்தான். தெற்கிலும் கிழக்கிலும் அந்த மாவுச்சத்து வெள்ளை அரிசியாக வருகிறது, வடக்கிலும் மத்திய இந்தியாவிலும் கோதுமை மாவாக வருகிறது. மாவுச்சத்து அதிகம் சாப்பிடுகிறவர்களிடம் நீரிழிவுக்கும் முன்நீரிழிவுக்கும் உடல்பருமனுக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இதுவரை யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

ஆச்சரியம் அடுத்த கணக்கில் இருந்தது. அரிசி போன்றவற்றை எடுத்துவிட்டு, அதே கலோரிக்கு முழுக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்துப் பார்த்தார்கள். நீரிழிவு வாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. கேழ்வரகு மாவு என்றாலும் சரி, கோதுமை மாவு என்றாலும் சரி, மொத்த மாவுச்சத்து குறையாதவரை பெரிய லாபம் இல்லை. ஆனால் மாவுச்சத்தில் ஒரு பங்கை, அதாவது மொத்தக் கலோரியில் வெறும் 5 சதவீதத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் போன்றவற்றின் புரதத்தை வைத்தால் வாய்ப்பு குறைவதாகக் கணக்கு காட்டியது.

இது மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பதிவு செய்த ஆய்வு. ஒரு குழுவுக்குச் சப்பாத்தி, இன்னொரு குழுவுக்குச் சோறு கொடுத்து ஒப்பிட்ட சோதனை இல்லை. எனவே 'இதனால்தான் அது' என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் மெஸ்ஸில் கேட்கும் அந்த வசனத்தோடு ஒரு சின்ன கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும்.

நாலு சப்பாத்திக்குச் சுமாராக 120 கிராம் கோதுமை மாவு தேவை. அதில் மாவுச்சத்து 75 முதல் 80 கிராம் வரை. 100 கிராம் அரிசியை வடித்தால் ஒரு தட்டு சோறு வரும். அதிலும் ஏறக்குறைய அதே அளவு மாவுச்சத்து. சப்பாத்தியில் நார்ச்சத்தும் புரதமும் கொஞ்சம் அதிகம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கல்லில் விடும் எண்ணெயையும், எக்ஸ்ட்ரா குருமாவில் இருக்கும் தேங்காயையும் சேர்த்தால் கலோரி சோற்றைத் தாண்டிப் போய்விடும். தானியத்தை மைய மைய அரைக்க அரைக்க, குடலில் அது சீக்கிரம் செரித்துச் சீக்கிரம் குளுக்கோஸாக மாறும் என்பதும் இதில் சேர்ந்துகொள்கிறது. முழு தானியமாகச் சாப்பிடுவதும், அதை மாவாக்கிச் சாப்பிடுவதும் ஒன்றில்லை.

சிறுதானியத்தின் கதையும் இதுதான். ஐ.நா. 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, தினை குக்கீஸ், சாமை நூடுல்ஸ், ராகி சிப்ஸ் என்று சூப்பர் மார்க்கெட்டில் தனி அலமாரியே வந்துவிட்டது. பாக்கெட்டைத் திருப்பினால் சிலவற்றில் முதல் பொருள் மைதாவாகவே இருக்கும். கடையில் பளிச்சென்று இருக்கும் தினையும் வரகும் தவிடு நீக்கப்பட்டவையாக இருந்தால், எதற்காக வாங்குகிறோமோ அந்த நார்ச்சத்தில் பெரும்பகுதி மில்லிலேயே போயிருக்கும்.

அப்போ சோறே சாப்பிடலாமா? சாப்பிடலாம், அளவாக. ஒரு கரண்டி சோறு குறைந்து அந்த இடத்தில் கெட்டியான பருப்போ, சுண்டலோ, முட்டையோ, மீனோ வந்தால்தான் இந்த ஆய்வு சொல்லும் மாற்றம் நடக்கிறது. 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் சுமார் 10 கிராம் புரதம் கிடைக்கும். இதற்கு டப்பா பவுடர் தேவையில்லை. தசை வளர்ப்பதற்காகப் புரத சப்ளிமென்ட் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்லி, ஐ.சி.எம்.ஆரின் கீழ் ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

நாட்டுச் சர்க்கரை நல்லதுதானே?

இந்தக் கேள்வியைத் தொட்டால் பல வீடுகளில் சண்டை வரும். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது சீனியில் இருக்கும் அதே பொருள்தான். இரும்பும் மற்ற தாதுக்களும் கொஞ்சம் இருப்பது உண்மை. ஆனால் அன்றாடத் தேவைக்கு ஈடாகும் அளவு இரும்பு கிடைக்கிற வரை வெல்லம் சாப்பிட்டால், இரும்புக்கு முன்னால் சுகர் ஏறிவிடும். தேனும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் தேன், சிரப், பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சர்க்கரையையும் சீனியோடு ஒரே கணக்கில்தான் வைக்கிறது. அவை எல்லாம் சேர்ந்து மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. 5 சதவீதம் என்றால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராம், ஆறு டீஸ்பூன். மூன்று வேளை காபி, டீ குடிப்பவருக்கு அதிலேயே கணக்கு முடிந்துவிடும்.

ருசிக்காகக் கருப்பட்டிக் காபி குடிப்பவரை யாரும் குறை சொல்ல முடியாது. 'இது சுகருக்கு ஒண்ணும் பண்ணாது' என்று இரண்டு ஸ்பூன் கூடுதலாகப் போடுவதில்தான் சிக்கல்.

பழச்சாற்றைச் சீனியோடு சேர்ப்பது பலருக்கு உறுத்தலாம். ஆரஞ்சை உரித்துச் சாப்பிட்டால் ஒன்று, இரண்டோடு வயிறு போதும் என்று சொல்லும். ஒரு டம்ளர் சாறு பிழிய மூன்று, நான்கு பழம் வேண்டும். வடிகட்டும்போது சக்கை குப்பைக்குப் போகும், சர்க்கரை முழுவதும் டம்ளருக்கு வரும். டெட்ரா பேக்கில் வருவது இன்னொரு கதை. அடர்சாற்றில் தண்ணீர் கலந்து தயாரித்ததை '100 சதவீதம் பழச்சாறு' என்று எழுதக்கூடாது, லேபிளிலிருந்து அதை எடுங்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2024 ஜூனில் உத்தரவிட வேண்டியிருந்தது.

சட்டத்தில் இல்லாத 'ஹெல்த் டிரிங்க்'

தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாட்டு வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாலில் கலந்து கொடுக்கும் மால்ட் பவுடர்களை எல்லோரும் 'ஹெல்த் டிரிங்க்' என்றுதான் சொல்வார்கள். கடைக்காரரும் அப்படித்தான் கேட்பார், ஆன்லைன் கடையிலும் அந்தப் பெயரில்தான் தனிப் பிரிவு இருந்தது. 2024 ஏப்ரலில் ஒரு விஷயம் வெளியே வந்தது. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே கிடையாது. குழந்தைகள் உரிமை ஆணையத்தின் விசாரணையில் இது தெரியவந்த பிறகு, இந்தப் பானங்களை அந்தப் பிரிவிலிருந்து நீக்கச் சொல்லி மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. ஹார்லிக்ஸைத் தயாரிக்கும் இந்துஸ்தான் யூனிலீவர் அதே மாதம் அந்தப் பிரிவின் பெயரை 'ஃபங்ஷனல் நியூட்ரிஷனல் டிரிங்க்ஸ்' என்று மாற்றிக்கொண்டது.

பெயர் மாறியது சரி, பவுடர்? இந்த வகைப் பவுடர்கள் சிலவற்றில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. வைட்டமின் சேர்த்திருக்கிறார்கள் என்பது உண்மை. அதோடு சர்க்கரையும் சேர்ந்திருக்கிறது என்பதும் உண்மை. எது பாக்கெட்டின் முன்பக்கம் பெரிய எழுத்தில் வருகிறது, எது பின்பக்கம் பொடி எழுத்தில் வருகிறது என்பதுதான் கேள்வி.

பின்பக்கத்தில் என்ன இருக்கிறது?

சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. 'மல்டிகிரெய்ன்' என்று எழுதிய பிஸ்கட்டில் முதல் பெயர் மைதா, அடுத்தது சர்க்கரை, பாமாயில் என்று போய், ஓட்ஸும் ராகியும் கடைசியில் வந்தால் அது மைதா பிஸ்கட்தான். டைஜெஸ்டிவ் ஆனாலும் சாதாரண பிஸ்கட் ஆனாலும் 100 கிராமுக்குப் பொதுவாக 450 முதல் 500 கலோரி வரும். பிரவுன் பிரெட்டின் நிறம் சில நேரம் கோதுமைத் தவிட்டிலிருந்து வராமல் கேரமல் நிறமியிலிருந்து வந்திருக்கும். பட்டியலில் 150 என்று தொடங்கும் எண் இருந்தால் அது கேரமல்.

'சேர்க்கப்பட்ட சர்க்கரை: 0' என்ற வரியும் முழுக்கதை சொல்லாது. மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப் பொருள் லேபிள் கணக்கில் சர்க்கரையாக வராது, ஆனால் ரத்தத்தில் வேகமாகக் குளுக்கோஸாக மாறும். இன்னொரு வித்தை, 'ஒரு பரிமாறலுக்கு' என்ற கணக்கு. மிக்சர் பாக்கெட்டில் ஒரு பரிமாறல் 30 கிராம் என்று போட்டிருக்கும். 30 கிராமோடு மிக்சர் பாக்கெட்டை மடித்து வைத்தவர் யார்?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தன் 2024 வழிகாட்டுதலில், லேபிளைப் படிப்பதையே ஒரு தனி வழிகாட்டுதலாக வைத்திருக்கிறது. 'உண்மையான பழம்' என்று சொல்லும் ஒரு பொருளில் பழம் 10 சதவீதம் மட்டுமே இருக்கலாம், 'சுகர் ஃப்ரீ' என்று போட்டதில் கொழுப்பு நிறைந்திருக்கலாம் என்று அது எச்சரிக்கிறது.

ஆனால் ஆபீஸ் முடிந்து பசியோடு வருபவர் கடையில் நின்று பொடி எழுத்தைப் படித்து வகுத்துப் பெருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? அதனால்தான் முன்பக்கத்திலேயே தெளிவாகப் போடுங்கள் என்ற கோரிக்கை எழுந்தது. சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி எல்லை மீறினால் பாக்கெட்டின் முகப்பில் கறுப்பு எண்கோணம் போட வேண்டும். இங்கே 2022 செப்டம்பரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வெளியிட்ட வரைவு, மின்சாதனங்களுக்குப் போல நட்சத்திரம் கொடுக்கலாம் என்றது. ஊட்டச்சத்து நிபுணர்கள் பலர் எதிர்த்தார்கள். நட்சத்திரக் கணக்கில் கொஞ்சம் நார்ச்சத்தோ பருப்போ சேர்த்தால் சர்க்கரைக்கான மைனஸ் மார்க்கை ஈடுகட்டிவிடலாம் என்பது அவர்கள் வாதம். எச்சரிக்கை லேபிள் கேட்டுத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், நிபுணர் குழு மூன்று மாதத்தில் பரிந்துரை தர வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு அந்தக் கெடு நீட்டிக்கப்பட்டது.

ஒரு சொல் முகப்பில் இருப்பதால் என்ன ஆகும் என்பதற்கு 'ஓ.ஆர்.எஸ்.' உதாரணம் போதும். வயிற்றுப்போக்கில் நீர்ச்சத்து இழந்த குழந்தைக்குக் கொடுக்கும் அந்தக் கரைசலில், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்க வேண்டும். சர்க்கரை அதைவிட மிக அதிகமானால் வயிற்றுப்போக்கு இன்னும் மோசமாகலாம். ஆனால் பெயரோடு 'ஓ.ஆர்.எஸ்.' சேர்த்த இனிப்புப் பானங்கள் மருந்துக் கடை அலமாரியிலேயே இருந்தன. 'இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கரைசல் இல்லை' என்று ஒரு வரி போட்டால் போதும் என்று 2022-ல் அனுமதியும் கிடைத்தது. ஐதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபர் 14 அன்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது.

அதுவரை, காய்ச்சலும் பேதியுமாகக் கிடந்த பிள்ளைக்காக அவசரத்தில் மருந்துக் கடைக்கு ஓடியவர்கள் அந்தப் பொடி எழுத்து வரியைப் படித்துப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும்.