வாவியின் பாட்டுக்கு 40,000 ஹெர்ட்ஸ் எதற்கு?

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் பதிவைக் கேட்க 40,000 ஹெர்ட்ஸ் எட்டும் திறந்த வகை ஹெட்போன்தான் வேண்டுமாம். மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்கிறார் நண்பர். மனிதக் காதின் உச்சமே 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அதுவும் குறையும். வாவியடி முனகலோ அதற்கு வெகு கீழே. மீதிக் காசு வௌவாலுக்கு.

லாங் அடிகளார் 1950களில் பதிவுசெய்த அந்த ஓசையை இலங்கை வானொலி ஒலிபரப்பியபோது, சாதாரண றேடியோப் பெட்டியில்தான் ஊர் கேட்டது. அதற்கு முந்தியவர்களுக்கு, நீருக்குள் விட்ட துடுப்பின் மறுமுனையே போதுமாக இருந்தது.

நண்பர் புகழும் சென்ஹைசர் எச்டி 600 நல்ல கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் தடை 300 ஓம். கைபேசியில் நேரே செருகினால் பலவேளை சத்தம் போதாது, ஆம்ப்ளிஃபையருக்குத் தனிச் செலவு. திறந்த வகையென்பதால் வெளிச்சத்தமும் தாராளமாக உள்ளே வரும். கல்லடியில் மின்விசிறி போடாமல் யார் பாட்டுக் கேட்கிறார்கள்? கடையின் குளிரூட்டிய அறையில் மயக்கிய நுணுக்கமெல்லாம் அந்த இரைச்சலில் போய்விடும். மூடிய வகை சோனி எம்டிஆர்-7506 வெறும் 63 ஓம். உச்ச ஒலி சற்றே கூசும், காதும் வியர்க்கும். இருந்தும் நம் வீடுகளுக்கு அதுவே பொருத்தம்.

வாங்குகிறவர்கள் பழகிய பாட்டொன்றைச் சொந்தக் கைபேசியில் போட்டு, அரைமணி நேரமாவது மாட்டிப் பாருங்கள். விலைச்சீட்டைப் பிறகு திருப்புங்கள்.