மாடிப்படி விளக்கை அணைக்காதீர்கள்

நம் குடியிருப்பின் 48 வீட்டாருக்கும் மூத்தோர் குழுவின் வேண்டுகோள்.

இரவு 10 முதல் காலை 5 மணி வரை மாடிப்படி விளக்குகளை அணைத்துவைக்கும் தீர்மானம் ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவுக்கு வருகிறது. போன மாதம் இதைச் சோதித்துப் பார்த்த வாரத்தில்தான் பி பிளாக் அம்மா, விடியுமுன் பால் வாங்க இறங்கியவர், படியில் உருண்டு இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். "வயசாச்சு, தலைசுற்றல்" என்று பேசி முடித்துவிட்டோம். அவருக்குத் தலை சுற்றவே இல்லை. செருப்பு காலைவிட்டுக் கழன்றது அவருக்குத் தெரியவில்லை.

காரணம் அவருடைய சர்க்கரை நோய். பல வருடச் சர்க்கரை பாதத்தின் நரம்புகளைக் கெடுத்துவிடும். படியின் விளிம்பு எங்கே, கால் முழுதாக ஊன்றியதா என்று பாதம் சொல்லாது. இந்தப் பாதிப்பு உள்ளவர்கள், பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்பார்கள். அவர்கள் கண்ணை நம்பித்தான் நடக்கிறார்கள். முகம் கழுவக் கண்ணை மூடினாலே தள்ளாடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களை இருட்டில் இறங்கச் சொல்கிறீர்களா?

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாடு முழுவதும் 10 கோடிப் பேர். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நாளடைவில் நரம்பு பாதிக்கப்படுகிறது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

மிச்சம் எவ்வளவு என்றும் பார்ப்போம். 9 வாட் எல்.இ.டி. பல்புகள் 12, இரவுக்கு 7 மணி நேரம்: மாதம் 23 யூனிட்கூட ஆகாது. யூனிட் 8 ரூபாய் என்றே வைத்தாலும் 184 ரூபாய். வீட்டுக்கு நான்கு ரூபாய்கூட இல்லை! வாசலில் அலங்கார விளக்குக்குக் கை நீட்டிப் பணம் கொடுத்தவர்கள்தானே நாம்?

தீர்மானத்தைத் தோற்கடியுங்கள். படிகளின் விளிம்பில் மஞ்சள் பட்டை அடிக்கவும், சுவர்ப்பக்கமும் கைப்பிடி வைக்கவும் அன்றே முடிவெடுங்கள். வீட்டுப் பெரியவர்களை அழைத்துப்போய், செருப்பைக் கழற்றச் சொல்லி, 10 கிராம் நைலான் இழையால் பாத உணர்ச்சியைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். சில நிமிட வேலை. ரத்தத்தில் சர்க்கரை அளவை மட்டும் பார்த்து மாத்திரையோடு திரும்புவது போதாது.

இதையும் மீறித் தீர்மானம் நிறைவேறினால், அடுத்து விழுபவரின் ஆபரேஷன் செலவு யார் பொறுப்பு என்பதையும் அதே தீர்மானத்தில், கையெழுத்திடும் ஒவ்வொருவர் பெயரோடும் எழுதச் சொல்வோம். எழுதும்வரை கூட்டத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டோம்.