பழைய இரும்பும் ஹலாலான உழைப்பும்





சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என்னருகில் வந்து அமர்ந்தார். "ஹஸ்ரத், என் மகனுக்கு நீங்கள்தாம் புத்தி சொல்ல வேண்டும். பட்டப்படிப்பு முடித்த பிள்ளை. வளைகுடாவில் வேலைக்கு ஆள் சொல்லி வைத்திருக்கிறேன். அவனோ பின்கட்டில் பழைய இரும்பைக் குவித்து வைத்துக்கொண்டு, மலையேறும் பிக்கப் வண்டி கட்டுகிறேன் என்கிறான். கையெல்லாம் கிரீஸ், சட்டையெல்லாம் கரி. ஊரார் சிரிக்கிறார்கள்" என்றார்.

அந்தப் பிள்ளை என்னிடம் மக்தபில் குர்ஆன் ஓதியவன். அவனைக் கண்டிக்கும் எண்ணத்தோடுதான் மறுநாள் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். திரும்பும்போது கண்டிக்கப்பட வேண்டியவன் நானே என்று உணர்ந்தேன். அதனை இங்கே எழுதுவது, இத்தகைய பிள்ளைகள் இன்று பல வீடுகளில் இருப்பதாலும், அவர்களிடம் கேட்க வேண்டியதை விட்டுவிட்டு வேண்டாததை நாம் கேட்டுக்கொண்டிருப்பதாலும்தான்.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு ஜீப் புதிதன்று. விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்வது அதுதான். அந்த வீட்டின் பின்கட்டிலும் மறைந்த பாட்டனாரின் பழைய மஹிந்திரா ஜீப் ஒன்று பல ஆண்டுகளாகத் துருவேறிக் கிடந்தது. (1945இல் அந்த நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதன் பெயர் 'மஹிந்திரா அண்ட் முஹம்மத்'. கூட்டாளியான மாலிக் குலாம் முஹம்மத் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகச் சென்றுவிட, 1948இல் பெயர் மாறியது.) அதனைத்தான் பையன் பிரித்துப் போட்டிருந்தான்.

ஜீப்பின் அடிச்சட்டம் ஏணியைப் போன்றது. நீளவாக்கில் இரண்டு இரும்புத் தண்டவாளங்கள். குறுக்கே சில கட்டைகள். உடற்பகுதி அதன் மேல் போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும். ஆகவே உடல் இற்றுப் போனாலும், சட்டம் நன்றாக இருந்தால் வண்டிக்கு மறுவாழ்வு உண்டு. கியர் பாக்ஸுக்குப் பின்னுள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ், எஞ்சினின் விசையை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கும். சேற்றிலும் செங்குத்தான பாதையிலும் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுப்பது இதனால்தான். பின் இருக்கைகளை நீக்கி, சரக்குத் தட்டு அமைத்து, தங்களுடைய சிறு ஏலத்தோட்டத்திலிருந்து மூட்டைகளை இறக்குவதற்கு ஒரு வண்டி ஆக்க வேண்டும் என்பதே அவனுடைய நிய்யத். இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

நூஹ் (அலை) அவர்கள் கப்பல் கட்டியபோது அவ்வழியே சென்ற பிரமுகர்கள் பரிகசித்ததை இறைமறை நமக்குச் சொல்கிறது (11:38). தாவூது (அலை) அவர்கள் தம் கைத்தொழிலால் உண்டார்கள் என்பதும், ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பதும் ஆதாரப்பூர்வமான ஹதீஸ்களில் உள்ளவை. நம் மேடைகளில் 1206இல் இயந்திர நூல் எழுதி முடித்த அல்ஜஸரீயைப் புகழ்ந்து பேசுகிறோம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளையின் நகத்தில் கிரீஸ் இருந்தால் முகம் சுளிக்கிறோம். இந்த முரண்பாட்டை முதலில் நாம் விட்டொழிக்க வேண்டும்.

எனினும், கைத்தொழில் சிறந்தது என்று கூறிவிட்டால் மட்டும் மார்க்கத்தின் கடமை முடிந்துவிடாது. பழைய பொருளைக் கொண்டு வண்டி கட்டுபவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. இவையாவும் பெயிண்ட் அடித்த பிறகு வெளியே தெரியாத இடங்களைப் பற்றியவை.

முதல் கேள்வி: இந்த இரும்பு யாருக்குச் சொந்தம்?

"பாட்டனார் வண்டி, எனவே எங்கள் வண்டி" என்றான் பையன். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். பாட்டியார் முன்னரே காலமாகிவிட்டார். பாட்டனாருக்கு ஒரு மகன், இரண்டு மகள்கள். 4:11ஆம் வசனத்தின்படி நான்கு பங்கில் இரண்டு மகனுக்கு. மகள்களுக்கு ஒவ்வொரு பங்கு. ஆக, பின்கட்டில் கிடந்த அந்த ஜீப்பில் சரிபாதி, திருமணமாகி வேறு ஊர்களில் வாழும் இரண்டு பெண்மக்களுக்கு உரியது. வீடும் நிலமும் பிரித்தபோது "அந்தத் துருப்பிடித்த வண்டியை யார் கணக்கில் எடுப்பது?" என்று விட்டுவிட்டார்கள். துருப்பிடித்தாலும் பங்கு பங்குதான். பெரியவர் சிறிது நேரம் தலை குனிந்திருந்துவிட்டு, சகோதரிகள் இருவரிடமும் தொலைபேசியில் பேசினார். ஒருவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தார். மற்றவர் தம் பங்கைக் கேட்டார். பழைய இரும்பு விலைக்கு மதிப்பிட்டு அவருக்குக் கொடுக்கப்பட்டது. சிறு தொகைதான். ஆனால், நம் குடும்பங்களில் சகோதரிகளின் பங்கு பெரும்பாலும் இப்படிச் சிறு தொகை, பெருந்தொகை என்னும் பேச்சிலேயே கரைந்துபோகிறது.

இனி என் பிழையைச் சொல்கிறேன். சில மாதங்களுக்கு முன் இதே பையன் தொலைபேசியில், "ஹஸ்ரத், பழைய சாமான் சந்தையில் எஞ்சின் வாங்குவது கூடுமா?" என்று கேட்டிருந்தான். "கூடும்" என்று ஒரே சொல்லில் விடை கூறிவிட்டேன். சந்தையில் விற்கப்படும் பொருள் விற்பவருடையது என்று கொள்வதே பொது விதி; அதில் தவறில்லை. ஆனால் நான் எதனையும் விசாரிக்கவில்லை. அன்று அந்தப் பின்கட்டில், "இதைப் பாருங்கள் ஹஸ்ரத், சில நாட்களாக இதனால் எனக்குத் தூக்கமில்லை" என்று அவன் வாங்கிய எஞ்சினின் பக்கவாட்டைக் காட்டினான். எண் பொறிக்கப்பட்டிருக்க வேண்டிய இடம் கிரைண்டரால் வழவழப்பாகத் தேய்க்கப்பட்டிருந்தது. பில் இல்லை. இருபத்தெட்டாயிரம் ரூபாய் கொடுத்திருந்தான்.

எண் தேய்க்கப்பட்ட எஞ்சின் வாய் திறந்து பேசுகிறது. பொது விதிக்கு எதிரான வலுவான அடையாளம் கண்முன் இருக்கும்போது அந்த விதியைப் பற்றிக்கொள்வது ஃபிக்ஹு ஆகாது. சந்தேகத்திற்குரியதை விட்டு விலகுபவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொள்கிறார் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான நபிமொழியின் கருத்து. திருடப்பட்ட பொருளை அறியாமல் வாங்கினாலும் அது வாங்கியவருக்குச் சொந்தமாகாது. உரியவருக்கே திரும்ப வேண்டும். கொடுத்த பணத்தை விற்றவரிடம்தான் கேட்க முடியும். விற்றவரோ அப்படி ஒரு எஞ்சினைத் தாம் விற்கவே இல்லை என்று கூறிவிட்டார். இறுதியில் தகப்பனாரும் மகனும் ஒரு வழக்கறிஞரை உடன் அழைத்துச் சென்று, எழுத்து மூலம் விவரம் கொடுத்து, எஞ்சினைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார்கள். பணம் போயிற்று. என் ஒற்றைச் சொல் விடைக்கு அந்தப் பிள்ளை கொடுத்த விலை என்றே அதனைக் கருதுகிறேன். ஆலிம்களாகிய நாம் ஒரு தொழிலைப் பற்றி விடை கூறுமுன் அத்தொழிலின் நடைமுறையைக் கேட்டறிய வேண்டும்.

பழைய உதிரிபாக வணிகம் முழுவதும் ஐயத்திற்குரியது என்று நான் கூறவில்லை. சென்னைப் புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் நம் சமுதாயத்தவர் பலரும் அத்தொழிலைச் செய்கிறார்கள். பில்லும், வண்டியின் பதிவு ரத்தான சான்றும் கேளுங்கள். நேர்மையாளர் அதனைக் கேட்டால் கோபப்பட மாட்டார்.

இரண்டாவது கேள்வி: பற்றவைத்த இடம் உண்மையாகவே பற்றியிருக்கிறதா?

துருவின் மீதும் பழைய பெயிண்டின் மீதும் வெல்டிங் வைத்தால் மேலே அழகிய வரி தெரியும். உள்ளே நுண்துளைகளாக இருக்கும். சட்டத்தில் விரிசல் இருந்தால் அதன் முனையில் சிறு துளையிட்டு, விரிசல் மேலும் ஓடாமல் தடுத்து, பின்னர் சுரண்டிச் சுத்தம் செய்து பற்றவைத்து, மேலே தகடு வைத்துப் பலப்படுத்த வேண்டும். ஒரு பழைய சோதனையையும் அவன் செய்து காட்டினான். சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, சற்று நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புத் தூள் தூவினான். விரிசலுக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் ஈரக்கோடாக மேலே வந்தது. தானியக் குவியலுக்குள் கைவிட்டு உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த சம்பவம் என் நினைவுக்கு வந்தது. நாளை இந்த வண்டியை விற்க நேர்ந்தால், எங்கெங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்பதை வாங்குபவரிடம் சொல்வது அவன் மீது கடமை. பட்டி பூசி மறைத்தால் அது ஈரத் தானியமே.

எல்லாவற்றையும் பழையதாக வாங்குவது சிக்கனமும் அன்று. கதவு, பம்பர், இருக்கை ஆகியவை பழையதாக இருக்கலாம். பிரேக் ஹோஸ், பிரேக் ஷூ, வீல் சிலிண்டர் ரப்பர், ஸ்டியரிங் மூட்டுகள் ஆகியவற்றைப் புதியதாகத்தான் வாங்க வேண்டும். தவறுதலாக ஓர் உயிர் போனாலும் அதற்கு இரத்த ஈட்டுத் தொகையும் பரிகாரமும் உண்டு என்று 4:92ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அடிமையை விடுவிக்க இயலாதவர் இரண்டு மாதங்கள் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். தெரிந்தே தேய்ந்த பிரேக்குடன் மலைச் சரிவில் இறங்குபவர் அதனை வெறும் விதி என்று சொல்லித் தப்ப முடியாது. தாவூது (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்த இறைவன், கவசத்தின் வளையங்களை அளவாகக் கோக்குமாறும் ஆணையிட்டான் (34:10, 11). இரும்பு அருட்கொடை, அதனோடு அளவு தவறாமையும் சேர்ந்தே வந்தது.

மூன்றாவது கேள்வி: இது எந்தப் பாதையில் ஓடப் போகிறது?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. சட்டம் இடம் தரும் மாற்றங்களுக்கும் அனுமதி தேவை. மீறினால் ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். "நம் வண்டி, நம் விருப்பம்" என்பது பொதுச்சாலையில் செல்லாது. பாதையிலிருந்து இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று கற்ற நாம், எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும் விளக்குகளையும், சைலன்சர் கழற்றிய ஓசையையும் பாதையில் கொண்டுபோய் வைக்கலாமா?

வீட்டிலேயே வேலை செய்பவருக்கு அண்டை வீட்டார் உரிமையும் உண்டு. இஷாவுக்குப் பின் கிரைண்டர் ஓடக் கூடாது. பாங்கு சொன்னால் ஸ்பேனரைக் கீழே வைக்க வேண்டும். உளூவின் நீர் தோலைத் தொடவிடாமல் தடுக்கும் கெட்டிக் கிரீஸையும் பெயிண்டையும் முதலில் அகற்ற வேண்டும். மரத்தூளும் சோப்புத் தூளும் சேர்த்துத் தேய்த்தால் போய்விடும்; அதற்கான நேரத்தையும் தொழுகைக்கான நேரத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

எண் தேய்த்த எஞ்சினை ஒப்படைத்த பிறகு, அவன் பாட்டனாரின் ஜீப்பில் இறுகிக் கிடந்த சொந்த எஞ்சினையே இறக்கி, போர் போட்டு, புதிய பிஸ்டன் வைத்தான். எட்டு மாதங்கள் கூடுதலாயின. சரக்குத் தட்டுக்கு அனுமதி கேட்டு முறைப்படி விண்ணப்பித்திருக்கிறான். கிடைத்தால் சாலை, கிடைக்காவிட்டால் பழைய இருக்கைகளைத் திரும்பப் பூட்டி ஜீப்பாகவே ஓட்டுவதாகச் சொல்கிறான். இதனை எழுதும் இன்று வரை அந்த வண்டி பொதுச்சாலையைப் பார்க்கவில்லை. ஆனால் சென்ற வாரம் மஃரிபுக்குப் பின் அவ்வழியே சென்றபோது, வண்டிக்கு அடியில் மகன் படுத்திருக்க, என்னிடம் முறையிட்ட அதே தகப்பனார் குனிந்து நின்று விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளையின் சட்டையில் உள்ள கரியைப் பார்த்து வருந்தாதீர்கள். அது துவைத்தால் போகும். அவன் கையில் உள்ள பொருள் எங்கிருந்து வந்தது, அதில் யாருடைய பங்கு இருக்கிறது, அவன் செய்த வேலை நம்பத்தக்கதா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, நீங்களும் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு அருகில் நில்லுங்கள்.

நம் பிள்ளைகளின் கைகளுக்குத் திறமையையும், அவர்களுடைய உழைப்பில் ஹலாலான பரக்கத்தையும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.